‘நிறம் குறைவு’ என்று எழுதியிருந்தீர்கள்

கேள்வி: என் மகன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். இன நல்லிணக்க நாளன்று ஆசையாக வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனான். அடுத்த வாரம் அறிவியல் வகுப்பில் குழு பிரித்தபோது, பக்கத்தில் உட்கார வேண்டிய பையன், “இவன் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் கறுப்பு ஒட்டிக்கொள்ளும்” என்று சொல்லியிருக்கிறான். சில பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஆசிரியர் அந்தப் பையனை மன்னிப்புக் கேட்க வைத்தார், அத்தோடு முடிந்தது. என் மகன் எங்கள் குடும்பத்தில் சற்று நிறம் குறைவு. ஆனால் இதுவரை அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது குளிக்கப் போகும்போது பாட்டியிடம் கடலை மாவு கேட்டு வாங்கித் தேய்த்துக்கொள்கிறான். “பள்ளியில் தினமும் தேசிய உறுதிமொழி சொல்கிறோமே, அதெல்லாம் சும்மாவா அம்மா?” என்றும் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. என் கணவர், “நாங்களும் இதையெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்தோம், மறந்துவிடச் சொல்” என்கிறார். நற்பண்புகளைப் பள்ளியில் பாடமாக நடத்துவதால் உண்மையில் பயன் உண்டா? நான் பள்ளிக்குப் புகார் எழுதலாமா?
— ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளிக்கு எழுதுங்கள். ஆனால் புகாராக எழுத வேண்டாம். எப்படி எழுதுவது என்று பின்னால் சொல்கிறேன். அதற்குமுன் கடலை மாவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் பையன்மேல்தான் கோபம் வந்தது. மறுபடி படித்தபோது கண் வேறோர் இடத்தில் போய் நின்றது. ‘சற்று நிறம் குறைவு.’ நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். தமிழில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். பெண் பார்த்துவிட்டு வந்து சொல்கிறோம், மருத்துவமனையில் பிறந்த குழந்தையை எட்டிப் பார்த்த கையோடு சொல்கிறோம். வெளுப்பாக இருப்பவர் ‘நல்ல நிறம்’, கறுப்பாக இருப்பவருக்கு நிறம் ‘குறைவு’. கறுப்பும் ஒரு நிறம்தான் என்பதையே நம் பேச்சு ஒப்புக்கொள்வதில்லை. கண்ணனையும் காளியையும் கறுப்பாகவே வைத்துக் கும்பிடுகிற வீடுகளிலும் இதே கதைதான்.

இப்போது உங்கள் மகன் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். வகுப்பில் அவன் கேட்டது அவனுக்குப் புதிய செய்தி அல்ல. ‘வெயிலில் ஆடாதே, கறுத்துப்போய்விடுவாய்’ என்பதை எத்தனை முறை கேட்டிருப்பான்? கடலை மாவும் ஏற்கெனவே வீட்டில் இருந்தது, எதற்கென்றும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கறுப்பு என்பது ஒரு குறை என்று வீடு மெதுவாகச் சொல்லிவந்ததை வகுப்பில் ஒருவன் சத்தமாகச் சொல்லிவிட்டான். அதனால்தான் உங்கள் பிள்ளைக்குக் கோபம் வரவில்லை, மாவு கேட்டான். அவன் கோபப்பட்டிருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பையன் சொன்னது தவறு, அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. வீட்டைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம், அது உங்கள் கையில் இருக்கிறது. பள்ளி பாதிதான் உங்கள் கையில் இருக்கிறது.

பாடத்தால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுக்கு மேல் தமிழாசிரியையாக இருந்துவிட்டு, பிறகு பள்ளி ஆலோசகராக மாறியவள் நான். இந்தக் கேள்வியை என்னிடமே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நம் நாடும் இதைக் கேட்டுக்கேட்டுப் பாடத்தின் பெயரை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 1984இல் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்குச் சமயக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. இந்து சமயம், இஸ்லாம், பௌத்தம், கன்பூசிய நெறி போன்றவற்றுள் ஏதேனும் ஒன்றை எடுத்துப் படிக்க வேண்டும். அது சமயங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளியைக் கூட்டிவிடுமோ என்ற கவலை எழுந்து, 1990இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. 1991இல் நாடாளுமன்றம் ஐந்து பொது விழுமியங்களை ஏற்றுக்கொண்டது, இன சமய நல்லிணக்கம் அவற்றுள் ஒன்று. 1997இல் தேசியக் கல்வி வந்தது. இன்று குணநலன், குடியியல் கல்வி என்கிறோம். இதற்குத் தேர்வு கிடையாது. ஆகவே பெற்றோரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை, எதுவும் நடந்தாலொழிய.

தொடக்கப்பள்ளியில் இந்தப் பாடத்தைத் தாய்மொழி வகுப்பில் நடத்துகிறோம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம், தொடக்கநிலை ஐந்தில் நல்லிணக்கப் பாடம். புத்தகத்தில் நான்கு இனப் பிள்ளைகள் கைகோத்து நிற்கும் படம். “இவர்கள் என்ன செய்கிறார்கள்?” என்று கேட்டேன். “ஒற்றுமையாக இருக்கிறார்கள்” என்று ஒரே குரலில் பதில் வந்தது, வாய்பாடு ஒப்பிக்கிற அதே ராகத்தில். முன்வரிசைப் பையன் ஒருவன் புத்தக ஓரத்தில் கார் வரைந்துகொண்டிருந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தேன். பதின்மூன்று பிள்ளைகள், பதின்மூன்று பேரும் நம் பிள்ளைகள். அதே நேரத்தில் சீனப் பிள்ளைகள் ஓர் அறையிலும் மலாய்ப் பிள்ளைகள் இன்னோர் அறையிலும் அவரவர் மொழியில் இதையேதான் படித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களோடு எப்படிப் பழகுவது என்பதை, மற்றவர்கள் யாரும் இல்லாத அறையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்தோம்.

புத்தகத்தை மூடினேன். ஒரு தாளைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். “மற்ற இனத்தவரைப் பற்றி வீட்டிலோ உறவினரிடமோ நீங்கள் கேட்ட ஒரு சொல்லை எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம்” என்றேன். என் மதிய உணவு டப்பாவைக் காலி செய்து அதில் சீட்டுகளைச் சேர்த்தேன். பதின்மூன்றில் ஒன்பது சீட்டில் ஒரே சொல். அதை இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்கும் தெரிந்த சொல்தான். என் அம்மா ஈரச்சந்தைக்குப் போய்விட்டு வந்து, விலை சொல்லும்போது சர்வ சாதாரணமாக அதைச் சொல்வார். ஒரு சீட்டில் ‘ஊர்க்காரன்’ என்று இருந்தது. மற்ற இனத்தைக் கேட்டால், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த தமிழனை எழுதியிருந்தது ஒரு பிள்ளை. திருச்சியிலிருந்து வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்த ஒரு மாணவி என்னைப் பார்க்காமல் பென்சில் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கார் வரைந்தவன்தான் கேட்டான்: “அவர்கள் வகுப்பில் நம்மைப் பற்றியும் இப்படி எழுதுவார்களா?”

“எழுதச் சொன்னால் எழுதுவார்கள்” என்றேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளைகள் உண்மையாகப் பேச ஆரம்பித்தார்கள். தங்களை யார் என்ன சொன்னார்கள், தாங்கள் யாரை என்ன சொன்னார்கள் என்று இரண்டும் கலந்து வந்தது. ஒரே இனத்துப் பிள்ளைகள் மட்டும் இருந்த அறையானதால்தான் அவ்வளவும் வெளியே வந்தது. வேடிக்கை என்று நான் நினைத்ததற்குள்ளும் ஒரு வசதி இருந்தது.

மறுநாள் ஒரு தந்தை தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். “வீட்டு விஷயத்தைப் பிள்ளைகளிடம் கிளறுவதுதான் பாடமா?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து, வீட்டில் கேட்டது என்று சொல்லாமல் ‘எங்கேயாவது கேட்டது’ என்று மாற்றிக்கொண்டேன். சீட்டுகளில் வந்த சொற்கள் மாறவில்லை.

ஆகவே என் பதில் இது. பாடம் பிள்ளையை நல்லவனாக்கிவிடாது, ஆனால் அவன் கையில் ஓர் அளவுகோலைக் கொடுக்கிறது. “அதெல்லாம் சும்மாவா?” என்று உங்கள் மகன் கேட்டானே, உறுதிமொழியின் பொருள் தெரியாத பிள்ளைக்கு அப்படிக் கேட்கத் தோன்றியிருக்காது. சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் யாராக இருந்தாலும், அவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அவனுக்கு என்ன பதில் சொல்வது? உறுதிமொழி எப்போது வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். 1964 ஜூலை 21ஆம் தேதி நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. அந்த மாதத்தில் மட்டும் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டது. அவன் வேட்டி கட்டிக்கொண்டு போனானே, அந்த நாள் அந்த ஜூலை 21தான். 1997 முதல் பள்ளிகள் அதை நினைவுகூர்ந்துவருகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம், ரத்தத்தை வருணிக்காமல் சொன்னால் போதும். உடையும் பலகாரமும் மட்டும் தெரிந்து, காரணம் தெரியாமல் இருப்பதால்தான் அந்த நாள் மாறுவேடப் போட்டி போலாகிவிடுகிறது.

கலவரம் நடந்து இரண்டே ஆண்டில் உறுதிமொழி எழுதப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவில் வளர்ந்த, அப்போதைய வெளியுறவு அமைச்சர் சி. ராஜரத்தினம் வரைந்த வாசகத்தைப் பிரதமர் லீ குவான் யூ திருத்தினார். 1966 ஆகஸ்ட் 24ஆம் தேதி பள்ளிகளில் முதன்முதலாகச் சொல்லப்பட்டது. எழுதியவர்களுக்கு நாட்டின் நிலைமை தெரியாமலா இருந்திருக்கும்? தமிழ் வாசகம் எப்படி முடிகிறது என்று மகனையே பார்க்கச் சொல்லுங்கள்: ‘உறுதி மேற்கொள்வோமாக’. தமிழாசிரியை என்பதால் இந்த இடத்தில் இலக்கணம் பேசாமல் இருக்க முடியவில்லை. ‘மேற்கொண்டோம்’ என்று இல்லை, ‘மேற்கொள்வோமாக’ என்று வியங்கோளில் இருக்கிறது. வாழ்க, வருக என்பதைப்போல, இனி நடக்க வேண்டியதை வேண்டிச் சொல்கிற வினை அது. நாம் ஏற்கெனவே ஒற்றுமையாகிவிட்டோம் என்று தினமும் காலையில் அறிக்கை வாசிப்பதாக அவன் நினைத்திருக்கிறான், அப்படியானால் அது பொய்தான். வேலை இன்னும் முடியாததால்தான் தினமும் சொல்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். பத்து வயதுக்கு இது புரியும். என்னிடம் படித்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

அதே வாசகத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. ‘இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து’ என்று தமிழில் வருகிறது. உங்கள் மகன் பள்ளியில் ஆங்கிலத்தில் சொல்லியிருப்பான், அதில் மறப்பது பற்றிய பேச்சே இல்லை. எந்த இனமானாலும், எந்த மொழியானாலும், எந்தச் சமயமானாலும் என்பதுதான் அங்கே பொருள். மறப்பது ஒன்று, தெரிந்தே பொருட்படுத்தாமல் இருப்பது வேறொன்று. தோலின் நிறத்தை உங்கள் மகன் எப்படி மறப்பான்? தினமும் கண்ணாடியில் பார்க்கிறான். அடுத்தவனும் அதை மறக்க வேண்டியதில்லை. பார்க்கட்டும், பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்காரட்டும்.

உங்கள் கணவரும் இதே சொல்லைத்தான் சொல்கிறார். அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர் உண்மையில் மறந்திருந்தால் ‘நாங்களும் கேட்டுத்தான் வளர்ந்தோம்’ என்று சொல்ல வந்திருக்காது. ஒரு நாள் மகனோடு தனியாக உட்கார்ந்து, தன்னை எந்த வயதில், யார், என்ன சொன்னார்கள், அப்போது தான் என்ன செய்தார் என்று அவர் சொல்லட்டும். வீரக் கதையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கழிப்பறையில் போய் அழுதேன் என்றாலும் பரவாயில்லை. தனக்கு மட்டும் நடக்கவில்லை என்பது அப்பா வாயிலிருந்து வந்தால், ஆலோசகர்கள் நாங்கள் நான்கு அமர்வில் செய்வது அரை மணி நேரத்தில் நடந்துவிடும்.

இனிப் பள்ளிக்கு வருகிறேன். ஆசிரியர் உடனே தலையிட்டார், அது நல்லதுதான். ஆனால் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்தின் நடுவே வாங்கிய மன்னிப்பு எவ்வளவு நேரம் நீடித்திருக்கும்? சொன்னவன் ஒருவன், அவனிடம் மன்னிப்பு வாங்கியாயிற்று. சிரித்தவர்கள் பல பேர், அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் அனுபவத்தில் பிள்ளையின் மனத்தில் நெடுநாள் தங்குவது அந்தச் சிரிப்புதான்.

வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பத்து வரிக்கு மேல் வேண்டாம். என்ன நடந்தது என்று மகன் சொன்னதை அவன் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், ‘இனவாதம்’ போன்ற பெரிய சொல் வேண்டாம். ஆசிரியர் அன்று தலையிட்டதற்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, அவன் குளியலறையில் தோலைத் தேய்ப்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஆசிரியருக்கு அது தெரியாது. தெரிந்தால் விஷயத்தின் கனம் அவருக்கு வேறாகத் தெரியும். பள்ளி ஆலோசகர் மகனைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சிரித்த பிள்ளைகளிடம், யார் பெயரையும் சொல்லாமல், வகுப்பு முழுவதற்குமாக இதைப் பற்றிப் பேச முடியுமா என்றும் கேளுங்கள். அந்தப் பையனுக்கு என்ன தண்டனை, அவன் பெற்றோர் யார் என்று கேட்காதீர்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தயவுசெய்து போடாதீர்கள். போட்டால் அன்று மாலைக்குள் அது இரண்டு குடும்பங்களின் சண்டையாகிவிடும், உங்கள் மகன் அதற்குச் சாட்சியாகிவிடுவான்.

இன்னொன்றும் கேட்கலாம், கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். இருவரையும் தள்ளித் தள்ளி உட்கார வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வகுப்பைத் துப்புரவு செய்கிற வேலையில் சில வாரம் இருவரையும் ஒன்றாகப் போட முடியுமா என்று கேளுங்கள். 2017 முதல் எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் தினமும் சிறிது நேரம் துப்புரவு செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவன் பெருக்க, ஒருவன் முறம் பிடிக்க வேண்டும். முறத்தைச் சரியாகப் பிடிக்காவிட்டால் குப்பை மறுபடி தரையில்தான். இருவரும் பேசாமல் அந்த வேலையை முடிக்க முடியாது. கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே சொன்னார்: வெவ்வேறு இனத்தவர் வெறுமனே பக்கத்தில் இருந்தால் தப்பெண்ணம் குறைந்துவிடாது. இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், இலக்கு ஒன்றாக இருக்க வேண்டும், சேர்ந்து உழைத்தால்தான் அது கைகூட வேண்டும், மேலே இருப்பவர்களும் அதை ஆதரிக்க வேண்டும். இன நல்லிணக்க நாளின் வேட்டியிலும் சீனச் சட்டையிலும் இவற்றில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். துடைப்பத்திலும் முறத்திலும் நான்கும் இருக்கின்றன. வெறுமனே பக்கத்தில் இருந்தால் போதாது என்பதற்கு நம் அரசாங்க அடுக்குமாடிப் புளோக்குகளே சாட்சி. 1989 முதல் எல்லா இனத்தாரும் கலந்து குடியிருக்கும்படி ஒதுக்கீடு இருக்கிறது. ஒரே மின்தூக்கியில் பத்து ஆண்டு ஏறி இறங்கியும், எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆனால் மகனுக்கு அதில் சம்மதம் இருக்க வேண்டும். ‘அவனோடு வேண்டாம்’ என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். பேச்சு மறுபடி மறுபடி வந்தால் அது பகடிவதை, அப்போது சேர்த்து வைக்கும் யோசனையை விட்டுவிட்டுத் துணைத் தலைமையாசிரியரிடம் நேரம் கேட்டுப் போய்ப் பாருங்கள்.

அவனிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: “அன்றைக்கு யார் சிரிக்கவில்லை?” பெரும்பாலும் ஒரு பெயராவது வரும். அந்தப் பிள்ளை எந்த இனமானாலும் சரி, ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். திரும்பவும் யாராவது அப்படிச் சொன்னால் “அப்படிச் சொல்லாதே” என்று மட்டும் சொல்லப் பழக்குங்கள். குரலை உயர்த்தாமல், முகத்தைப் பார்த்து. வீட்டில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்க்கட்டும், வாய்க்குப் பழகாத வாக்கியம் வேண்டிய நேரத்தில் வராது.

கடைசியாகப் பாட்டி. கடலை மாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எறிந்தால் அவருக்கு மனம் புண்படும், பிள்ளைக்கோ தான் ஏதோ தவறு செய்துவிட்டதாகத் தோன்றும். மகன் இல்லாத நேரமாகப் பார்த்து அவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அவன் எதற்காக மாவு கேட்கிறான் என்பது அவருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். பேரன் குளிக்கப் போகிறான் என்று ஆசையாக எடுத்துக் கொடுத்திருப்பார். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்வார், பேரன் விஷயத்தில் பாட்டிகள் நம்மைவிடச் சீக்கிரம் மாறுவார்கள். 1964இல் அவர் இங்கே சிறுமியாக இருந்திருந்தால், ஊரடங்கின்போது வீட்டில் என்ன சமைத்தார்கள், கதவை யார் தட்டினார்கள், யார் திறந்தார்கள் என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். அன்று பக்கத்து வீட்டில் இருந்தவர் யார், என்ன இனம் என்பதையும் கேட்கட்டும்.